யோகப் பயிற்சியை விடாமல் தொடர உங்களுக்கு உந்துதலாக இருப்பது எது?

கேள்வி: காவிரிக்கரை

அனைவருக்கும் வணக்கம். திருச்சியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருக்கிறேன், வயது 43. ஆசனங்களை முறையாகக் கற்றிருக்கிறேன். சூரிய நமஸ்காரத்தின் பன்னிரண்டு நிலைகளும் நாடி சுத்தி என்ற மூச்சுப் பயிற்சியும் தெரியும். ஆகவே எப்படிச் செய்வது என்பது என் கேள்வி அன்று. யோகா தினமான ஜூன் 21 அன்று பள்ளி மைதானத்தில் பிள்ளைகளோடு சேர்ந்து செய்யும்போது வருகிற உற்சாகம் ஆடி பிறப்பதற்குள் வடிந்துவிடுகிறது. சர்க்கரை கட்டுக்குள் இருக்கும், இரத்த அழுத்தம் குறையும், மனம் அமைதி பெறும் என்று எல்லோரும் சொல்லும் காரணங்களை நான் மறுக்கவில்லை. ஆனால் அடுப்பும் டிபன் பாக்ஸும் பேருந்தும் காத்திருக்கிற காலை ஐந்து மணிக்கு, பொதுவான அந்தக் காரணங்களுக்கு என்னைப் பாய் விரிக்க வைக்கும் வலு இருப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து செய்து வருகிறவர்கள் தங்களுக்கென்று எதைப் பற்றிக்கொண்டீர்கள், அதை எப்படிக் கண்டடைந்தீர்கள் என்று சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி: செட்டிநாட்டுப் பெரியவர்

அம்மா, என் காரணம் மிகச் சிறியது. தரையில் சம்மணமிட்டு உட்காரவும், கையை ஊன்றாமல் எழுந்திருக்கவும் கடைசி வரை என்னால் முடிய வேண்டும், அவ்வளவுதான். எங்கள் ஊர்ப் பக்கம் கல்யாண வீடுகளில் இன்றும் பந்திப்பாய் விரித்து இலை போடுகிற வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அங்கே என் வயதுக்காரர்கள் ஒவ்வொருவராக மேசைப் பக்கம் ஒதுங்குவதைப் பார்த்தபோதுதான், பேரனோடு தரையில் உட்கார்ந்து விளையாடுவதும், சன்னிதியில் விழுந்து கும்பிடுவதும் இதே முழங்காலை நம்பித்தான் இருக்கின்றன என்பது உறைத்தது. அன்றிலிருந்து, முழங்காலை மடித்துக் குதிகால்மேல் உட்காரும் வஜ்ராசனத்தை விட்டதில்லை. தொடக்கத்தில் கணுக்காலுக்கும் தரைக்கும் நடுவே மடித்த துண்டு ஒன்று, பின்தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் நடுவே தலையணை ஒன்று என்று வைத்துக்கொண்டுதான் உட்கார முடிந்தது. தலையணை போய்விட்டது, துண்டு இன்னும் இருக்கிறது.

நான் சொல்ல வருவது இதுதான்: ‘ஆரோக்கியம்’ என்பது கண்ணுக்குத் தெரியாத பொருள், அதற்காக யாரும் விடியற்காலையில் எழுந்திருப்பதில்லை. உங்கள் உடம்பு அன்றாடம் செய்ய வேண்டிய, செய்ய முடியாமல் போனால் உங்கள் மனம் வருந்துகிற ஒரே ஒரு செயலைத் தேர்ந்தெடுங்கள். பயிற்சி பலன் தருகிறதா இல்லையா என்பதை அந்தச் செயலே உங்களுக்குக் காட்டிவிடும்.

மறுமொழி: மயிலாப்பூர் மாணவன்

சென்னையில் யோகம் கற்பிக்கிறேன். ஆசிரியை அவர்கள் கேட்டிருப்பது பழைய கேள்வி. நெடுங்காலம், இடைவிடாமல், மதிப்போடு செய்யப்படும்போதுதான் பயிற்சி வேரூன்றும் என்று யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி சொல்கிறார். நாம் முதல் இரண்டை மட்டும் பிடித்துக்கொண்டு மூன்றாவதை மறந்துவிடுகிறோம். சூரிய நமஸ்காரத்தை அவசர அவசரமாக முடித்துவிட்டு, சவாசனத்தில் படுக்காமலே எழுந்து சமையலறைக்கு ஓடுகிறவருக்கு, அந்தப் பயிற்சியைப் பற்றி மூச்சிரைப்பைத் தவிர வேறெதுவும் நினைவில் தங்குவதில்லை. மறுநாள் மனம் மறுப்பதில் வியப்பில்லை. என்னிடம் வருகிறவர்களில் பலர் ஒரு மணி நேரப் பயிற்சியைக் கேட்கிறார்கள். நான் பத்து நிமிடத்துக்கு மட்டுமே கொடுக்கிறேன், அதில் கடைசி மூன்று நிமிடம் கட்டாயமாகப் படுத்திருப்பதற்கு.

இதே பதஞ்சலி, பயிற்சிக்கு நேரும் ஒன்பது தடைகளையும் எண்ணி வைத்திருக்கிறார். நோய், மந்தம், ஐயம், சோம்பல் ஆகியவற்றோடு, எட்டிய நிலையில் நிலைக்க முடியாமையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆடியில் விட்டுப்போவது உங்களுக்கு மட்டும் நேர்கிற குறை அன்று என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

சொந்தக் காரணம் என்பதற்கு, பிற்காலத்தில் புகழ்பெற்ற யோக ஆசிரியரான பி.கே.எஸ். ஐயங்கார் நல்ல உதாரணம். மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று இளமையிலேயே நலிந்துபோன அவர், 1934-இல் மைசூரில் தம் அக்காள் கணவரும் யோக ஆசிரியருமான கிருஷ்ணமாச்சாரியாரிடம் போய்ச் சேர்ந்தபோது அவருக்குத் தேவைப்பட்டது தேறிய உடம்பு ஒன்றுதான்; மற்றவை யாவும் பிறகு வந்தவை. கிருஷ்ணமாச்சாரியார் பிற்காலத்தில் சென்னையில் தங்கிக் கற்பித்தபோது, ஆளுக்கேற்ற பயிற்சி என்பதையே வலியுறுத்தினார். ஆகவே கற்ற அத்தனையையும் நாள்தோறும் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை. நாள் முழுதும் நின்றுகொண்டு, கையை உயர்த்திக் கரும்பலகையில் எழுதுகிறவருக்குத் தோளும் இடுப்பும் தளர்வதற்கான நாலைந்து ஆசனங்களே போதும். இரத்த அழுத்தம் ஏற்கெனவே கூடுதலாக இருந்தாலோ, கண்ணில் நீர் அழுத்த நோய் (கிளாக்கோமா) இருந்தாலோ, தலைகீழ் நிலைகளை மருத்துவரைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

மறுமொழி: இரவுப்பணி

பெரியவர் சொன்னதில் ஓர் இடத்தில் மட்டும் எனக்கு மாறுபட்ட கருத்து உண்டு. நான் செவிலியர். நோயாளிகளைத் தூக்கிப் புரட்டிப் போடுகிற வேலையில் வந்த முதுகுவலிக்காகவே, பாம்புபோல் மார்பை உயர்த்தும் புஜங்காசனமும் பூனைபோல் முதுகை வளைக்கும் மர்ஜரி ஆசனமும் கற்றேன். வலி தீர்ந்ததும் பாயைச் சுருட்டி வைத்துவிட்டேன், ஏனென்றால் நான் பற்றியிருந்த காரணமும் வலியோடு தீர்ந்துபோயிற்று. வலி தந்த காரணத்தை நம்பித் தொடங்கலாம். அதை மட்டுமே நம்பித் தொடர முடியாது என்று அனுபவத்தில் சொல்கிறேன்.

மறுபடி தொடங்கியபோது என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. வார்டிலும் வீட்டிலும் என்னை யாராவது கூப்பிட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். கதவைச் சாத்திக்கொண்டு, மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கி உட்கார்ந்திருக்கிற அந்தக் கால் மணி நேரத்தில் யாருக்கும் நான் பதில் சொல்ல வேண்டியதில்லை. இப்படி ஒரு தேவை எனக்கு இருந்தது என்பதே உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. முன்கூட்டியே காரணத்தைத் தேடிக் களைத்துப் போகாதீர்கள், சகோதரி. சில காரணங்கள் பயிற்சிக்குப் பிறகே தெரியவரும்.

இன்னொன்று. மைசூரில் யோக ஆசிரியர் பட்டாபி ஜோயிஸ் கற்பித்த மரபில் அமாவாசையன்றும் பௌர்ணமியன்றும் ஆசனம் கிடையாது. வாரத்தில் ஒரு நாளும் ஓய்வு. ஷிப்ட் மாறுகிற நாளை நானும் அப்படியே ஓய்வு நாளாக வைத்துக்கொண்டேன். ஓய்வு என்று முன்பே குறித்த நாளில் செய்யாதிருந்தால் ‘விட்டுவிட்டோமே’ என்ற உறுத்தல் வருவதில்லை. உறுத்தல் இல்லாவிட்டால் மறுநாள் பாயை விரிப்பது எளிதாகிவிடுகிறது.

காவிரிக்கரை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பெரியவர் சொன்னபடி ஒரே ஒரு செயலை யோசித்துப் பார்த்தேன். கடைசிப் பாடவேளையில் குரல் கம்மி, தோள் இறுகி, ஒரு பிள்ளை அதே கணக்கை மறுபடி கேட்டால் முகம் கடுத்துவிடுகிறது. அந்தப் பிள்ளைக்கும் முதல் பாடவேளையில் கேட்டவனுக்குச் சொன்ன அதே பொறுமையோடு சொல்லித்தர வேண்டும். எனக்கு வேண்டியது இதுதான். காலை நேரத்தோடு போராடாமல், பள்ளி விட்டு வந்ததும், சமையலுக்கு முன்பு செய்யலாம் என்று நினைக்கிறேன். மதிய உணவுக்கும் பயிற்சிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி வேண்டும்? வந்தவுடன் தேநீர் குடிக்கும் பழக்கம் உண்டு, அது தடையாகுமா?

மயிலாப்பூர் மாணவன்

முழுச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று, நான்கு மணி நேரம் கழித்துச் செய்வது நல்லது. மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டால் ஐந்து மணி பொருத்தமான நேரம். தேநீரைப் பயிற்சி முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். வந்தவுடன் குடித்தே ஆக வேண்டும் என்றால் அரை மணி நேரம் விட்டுத் தொடங்குங்கள்.