மறு: சைட்டேஷனுக்கு மேற்கோள் சரியா? சுட்டுகைன்னு வெச்சுக்கலாமா

எல்லாருக்கும் வணக்கம், ஆராய்ச்சிக் கட்டுரையில இன்னொருத்தரோட படைப்பைப் பேர் சொல்லிக் காட்டறதுதான் சைட்டேஷன், அப்படி எத்தனை தடவை காட்டியிருக்காங்கங்கறது சைட்டேஷன் கவுன்ட். இதுக்கு சுட்டுகைன்னு வைக்கலாமான்னு நான் கேட்டதுக்கு வந்த பதில்களுக்கு இது மறுமொழி.

> மேற்கோள்னு பழகிப்போச்சு, சைட்டேஷன் கவுன்ட்டுக்கு மேற்கோள் எண்ணிக்கைன்னு போட்டுட்டுப் போகலாமே

போட்டுத்தான் பாத்தேன் ஐயா, நிக்கல. ஜானகி அம்மாள் பத்தி ஒரு கட்டுரை எழுதிட்டிருக்கேன், கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனத்துல வேலை பாத்த மரபியல் விஞ்ஞானி, 1945ல சி.டி. டார்லிங்டனோட சேந்து பயிர்ச்செடிகளுக்கான குரோமோசோம் அட்லஸைக் கொண்டுவந்தவங்க. அந்த அட்லஸைப் பல நாட்டு ஆராய்ச்சியாளர்களும் மேற்கோள் காட்டுனாங்கன்னு ஒரு வரி எழுதி, தமிழாசிரியையா இருக்கற எங்க அக்காகிட்ட குடுத்தா, படிச்சிட்டு அவங்க கேட்ட முதல் கேள்வியே "அதுல எந்த வரிய மேற்கோள் காட்டுனாங்க?" அப்படின்னு. எனக்குப் பதில் வரல. அந்தப் புத்தகம் பெரும்பாலும் பட்டியல், செடி பேரு, அதுக்கு நேரா குரோமோசோம் எண்ணிக்கை, இப்படியே போகும். அதைப் பாத்து எழுதறவர் கரும்புக்கு 80 அப்படின்னு எழுதி, பக்கத்துல அடைப்புக்குறி போட்டு ரெண்டு பேரையும் 1945ங்கற வருஷத்தையும் வெப்பாரு, அவ்ளோதான். ஒரு வாக்கியத்தைக்கூட அங்கேந்து எடுத்து எழுதறது இல்ல, அங்க போய்ப் பாருன்னு விரலை நீட்டிக் காட்டறாரு. அந்த விரல்தான் சைட்டேஷன். அதனாலதான் சுட்டுகைன்னு சொன்னேன்.

> சுட்டுன்னா அ, இ, உ. பேச்சுல சுட்டுட்டான்னா திருடிட்டான்னு அர்த்தம், ஆராய்ச்சி விஷயத்துல இது விபரீதமாயிடும்

இது ரொம்ப சரியான எதிர்ப்பு, வெறும் சுட்டுன்னு வெச்சா கண்டிப்பா வம்புதான். ஆனா கை விகுதி சேத்துப் பாருங்க. சுடுங்கற வினைக்கு சுடுகைதான் வரும், சுட்டுகை வராது. சுட்டுங்கற வினையிலேந்துதான் சுட்டுகை வரும், வருகை, செய்கை மாதிரி. அதே மாதிரி "சுட்ட கட்டுரை"ன்னு யாரும் எழுதிடக் கூடாது, அது திருட்டுக் கட்டுரை, "சுட்டிய கட்டுரை"ன்னு எழுதணும். இந்த ஒரு எழுத்துல கவனமா இருந்தா போதும்.

எடுத்தாட்சின்னு இன்னொருத்தர் சொன்னது அழகான சொல்லு, எனக்கும் ஆசைதான், ஆனா எடுத்தாளறதுன்னா எடுத்துப் பயன்படுத்தறது. பட்டாணிச் செடியை வெச்சுப் பரம்பரை விதிகளைக் கண்டுபிடிச்ச மெண்டல் கதையப் பாருங்க. 1866ல வந்த கட்டுரை, 1881ல ஜெர்மன் தாவரவியலாளர் ஃபோக்கே தன்னோட கலப்பினச் செடிகள் புத்தகத்துல மெண்டல் பேரைப் பல இடத்துல சொல்றாரு, ஆனா கலப்புச் செடிகள்ல குணங்கள் நிலையான விகிதத்துல வருதுங்கற அந்தக் கணக்கோட அருமை அவருக்குப் பிடிபடல, மெண்டல் அப்படி நம்பினாருங்கற அளவுல விட்டுட்டாரு. 1892ல அமெரிக்காவுல தோட்டக்கலை நிபுணர் பெய்லி, மூலத்தைப் படிக்காமலே ஃபோக்கேகிட்டேந்து அந்தப் பேரை எடுத்துத் தன் பட்டியல்ல சேத்துக்கிட்டாரு. ரெண்டு பேரும் எடுத்தாளல. ஆனா ரெண்டும் சைட்டேஷன்தான். படிக்காம காட்டினாலும், மறுத்து எழுதறதுக்காகக் காட்டினாலும் விரல் விரல்தானே.

இன்னொண்ணு, இந்த எண்ணிக்கை வேலைக்கும் மரபியலுக்கும் பழைய உறவு உண்டு. அமெரிக்க வக்கீலுங்க எந்தத் தீர்ப்பை எந்தத் தீர்ப்பு காட்டியிருக்குன்னு பாக்க 1873லேந்தே ஷெப்பர்டோட தொகுப்பு இருந்துச்சு, அதைப் பாத்துட்டுத்தான் தகவல் அறிவியலாளர் யூஜீன் கார்ஃபீல்டு 1955ல அறிவியலுக்கும் இது வேணும்னு எழுதினாரு, நோபல் வாங்கின மரபியலாளர் லெடர்பர்க் அவருக்குத் துணையா நின்னாரு, 1963ல மரபியலுக்குன்னே தனியா ஒரு சைட்டேஷன் இன்டெக்ஸ் வெளிவந்துச்சு. அதுக்கு சுட்டுகை அடைவு அப்படின்னு சொல்லலாம், சொல்லடைவு நமக்கு ஏற்கனவே இருக்கறதால அடைவு புதுசா தெரியாது. தன் கட்டுரையத் தானே காட்டினா தற்சுட்டுகை.

ஒருத்தரோட கட்டுரைகள் எவ்ளோ சுட்டப்பட்டிருக்குன்னு ஒரே எண்ணுல சொல்ற எச் இன்டெக்ஸுக்கு மட்டும் சுட்டெண் வேண்டாம், சுட்டுகையோட குழம்பிடும், எச் எண் போதும். ஒருத்தரோட அஞ்சு கட்டுரைக்கு 40, 12, 5, 3, 1 சுட்டுகை இருக்குன்னு வைங்க, எச் எண் 3. ஏன்னா முதல் மூணு கட்டுரைக்கும் மூணோ அதுக்கு மேலயோ இருக்கு, நாலாவதுக்கு நாலு இல்ல. முதல் கட்டுரை 40க்கு பதிலா 4000 வாங்கினாலும் அதே 3தான். ஜானகி அம்மாளுக்கு இந்தக் கணக்கு எவ்ளோ அநியாயம் பண்ணுதுன்னு யோசிச்சுப் பாருங்க, அட்லஸை எத்தனை பேர் சுட்டினாலும் எச் எண்ணுல அது ஒரே ஒரு படைப்பு. போதாததுக்கு பேரு வேற சிதறுது, ஒரு இடத்துல ஜானகி அம்மாள் ஈ.கே., இன்னொரு இடத்துல நடுவுல சின்னக் கோடு போட்டு, வேற இடத்துல அம்மாள்ங்கறதே குடும்பப் பேரு ஆயிடுது. முன்னெழுத்து போடற நம்ம எல்லாருக்கும் இது உண்டு. 1955ல அட்லஸ் மறுபதிப்பு விரிவா வந்தப்போ அட்டையில டார்லிங்டனும் வைலியும்தான், அப்புறம் அந்தப் பதிப்பைக் காட்டின சுட்டுகையெல்லாம் அந்தப் பேருங்களுக்குப் போச்சு. எனக்கு இது ரொம்ப வலிக்குது, இதைத் தமிழ்ல தெளிவா சொல்லணும்னுதான் இந்தச் சொல்லுக்கு இவ்ளோ அலையறேன்.

இன்னும் சரியான சொல் அமையாதது இம்பாக்ட்டுக்குத்தான். தாக்கம்னா புயல், நோய் ஞாபகம் வருது, ஒரு ஆராய்ச்சி எவ்ளோ தூரம் போய்ச் சேந்துச்சுங்கறதுக்கு வீச்சு பொருந்தும்னு தோணுது. இப்போதைக்கு சுட்டுகை வீச்சுன்னு போட்டு அந்த வரிய மாத்தி எழுதியிருக்கேன், ராத்திரி அக்காகிட்ட திரும்பக் குடுக்கறேன், அவங்க என்ன கேக்கறாங்கன்னு நாளைக்கு இங்க எழுதறேன்.