லக்ஸ், லுமென், கேண்டெலா: வெளிச்சத்தை அளந்து பார்த்த அனுபவங்கள்

திருப்பூரிலிருந்து:

பனியன் கம்பெனியில் மெயின்டனன்ஸ் என் பொறுப்பு. அமெரிக்க பையர் அனுப்பிய பட்டியலில் செக்கிங் டேபிளுக்கு 100 ஃபுட் கேண்டில் வெளிச்சம் கேட்டிருந்தார்கள். எங்களிடம் இருப்பது லக்ஸ் மீட்டர். லுமென் என்பது விளக்கு தருகிற வெளிச்சத்தின் அளவு. ஒரு சதுர அடிக்கு ஒரு லுமென் விழுந்தால் ஒரு ஃபுட் கேண்டில், ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லுமென் விழுந்தால் ஒரு லக்ஸ். ஒரு சதுர மீட்டர் என்பது 10.76 சதுர அடி. ஆக 1,076 லக்ஸ் வேண்டும். துணி விரிக்கிற இடத்தில் மீட்டரை வைத்தால் 640தான் காட்டியது.

"இன்னும் நாலு டியூப் மாட்டிடலாம்" என்றார்கள். ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். ரிஃப்ளெக்டர் முழுக்கப் பஞ்சு, விரலால் இழுத்தால் கோடு விழுந்தது. துடைத்ததுமே 790. அடுத்து, டேபிளுக்கு மேல் 7 அடியில் இருந்த டியூப் வரிசையைச் சங்கிலி விட்டு 5 அடிக்கு இறக்கினோம். ஒற்றை பல்பு என்றால் தூரம் பாதியானால் வெளிச்சம் நாலு மடங்காகும். இடைவெளியில்லாமல் நீளமாகப் போட்ட டியூப் வரிசைக்கு அது பொருந்தாது, கிட்டத்தட்ட இரண்டு மடங்குதான். மீட்டர் 1,100-ஐத் தொட்டது. ஒரு டியூப்கூட வாங்கவில்லை. "கறுப்புத் துணியில ஊசி ஓட்டை இப்பத்தானுங்க தெரியுது" என்றார் செக்கிங் அக்கா ஒருவர்.

விருத்தாசலம் பக்கத்திலிருந்து:

கடலைக் கொல்லையில் ராத்திரி காவலுக்கு டார்ச் வாங்குகிறவர்கள் லுமெனை மட்டும் பார்க்காதீர்கள். லுமென் என்பது டார்ச்சிலிருந்து வெளியே வருகிற மொத்த வெளிச்சம். அது எவ்வளவு குவிந்து ஒரே திசையில் போகிறது என்பதைக் கேண்டெலாதான் சொல்லும். என் டார்ச் அட்டையில் 10,000 கேண்டெலா, 200 மீட்டர் என்று போட்டிருக்கிறது. கேண்டெலாவைத் தூரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் லக்ஸ் வந்துவிடும். 200 மீட்டரில் 0.25 லக்ஸ், அதாவது பௌர்ணமி நிலா வெளிச்சம் அளவுக்குத்தான். அட்டையில் போடுகிற தூரத்துக்கு அதுவே கணக்கு. 50 மீட்டரில் 4 லக்ஸ் கிடைக்கும், அங்கே நிற்பது பன்றியா நாயா என்று எனக்குத் தெளிவாகவே தெரிகிறது. வரப்பில் கால் வைக்கிற இடம் தெரிய வேண்டுமென்றால் மட்டும், லுமென் கூடுதலாக, வெளிச்சம் அகலமாக விரிகிற நெற்றி லைட் நல்லது.

மதுரையிலிருந்து:

திருப்பூர் அண்ணா, மீட்டர் இல்லாத வீட்டில் போன் ஆப் வைத்து அளக்கலாமா? பிள்ளை படிக்கிற மேசைக்குப் பார்க்க வேண்டும்.

திருப்பூரிலிருந்து:

ஒப்பிட்டுப் பார்க்கத் தாராளமாக உதவும், தம்பி. அந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டாம், போனுக்குப் போன் மாறும். சென்சார் பெரும்பாலும் முன்பக்கக் கேமரா அருகில் இருக்கும். போனை மேசையில் புத்தகம் வைக்கிற இடத்திலேயே மல்லாக்க வையுங்கள், உங்கள் நிழல் அதன்மேல் விழக் கூடாது. விளக்கைத் துடைப்பதற்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில் அளந்து பாருங்கள்.