முதல் ரெஸ்யூமே: தளத்தில் ஏற்றினால் விவரங்கள் இடம் மாறுகின்றன, அனுபவப் பகுதியும் காலியாக இருக்கிறது

கேள்வி (பெரம்பூர் மாணவர்)

வணக்கம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள கல்லூரி ஒன்றில் பி.காம். இறுதிப் பருவம் படிக்கிறேன். கணக்கு உதவியாளர் வேலைக்கு விண்ணப்பிப்பதற்காகக் கேன்வாவில் பக்கத்தை இடம், வலம் என இரண்டு பத்திகளாகப் பிரித்த டெம்ப்ளேட் ஒன்றை எடுத்து ரெஸ்யூமே தயாரித்தேன். வேலைவாய்ப்புத் தளத்தில் அதை ஏற்றியதும் பெயருக்கான கட்டத்தில் முகவரி வந்து உட்காருகிறது. கைபேசி எண் வருவதே இல்லை. மேலும், அனுபவம் என்ற தலைப்பின் கீழ் எழுத என்னிடம் எதுவும் இல்லை. விடுமுறைகளில் ஆண்டர்சன் தெருவில் மாமாவின் காகிதக் கடையில் டேலி என்ற கணக்கு மென்பொருளில் பில் போட்டதுண்டு, ஆனால் சொந்தக்காரர் கடையை அனுபவமாகக் காட்டலாமா என்று தெரியவில்லை. நண்பன் கொடுத்த மாதிரியில் தந்தை பெயர், மதம், ஆதார் எண், கடைசியில் ஓர் உறுதிமொழி எல்லாம் இருக்கின்றன. அவையும் வேண்டுமா?

பதில் 1 (கணினிப் பயிற்றுநர், வேளச்சேரி)

தம்பி, முதல் சிக்கலுக்குக் காரணம் டெம்ப்ளேட்தான். தளத்தின் மென்பொருள் பிடிஎஃப் கோப்பிலுள்ள எழுத்துகளை மட்டும் வரிசையாக உருவி எடுக்கிறது. இரண்டு பத்திகள் இருந்தால் இடப்பக்க வரியையும் வலப்பக்க வரியையும் ஒன்றாகச் சேர்த்துப் படித்துவிட வாய்ப்புண்டு. பக்கத்தின் ஹெட்டரில் இருக்கும் கைபேசி எண்ணைச் சில மென்பொருள்கள் கண்டுகொள்வதே இல்லை. உங்கள் கோப்பைத் திறந்து, முழுவதையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். அங்கே எந்தக் குழப்பம் தெரிகிறதோ, பெரும்பாலும் அதுதான் தளத்துக்கும் தெரிகிறது. வேர்டில் இடம், வலம் என்று பிரிக்காமல் ஒரே பத்தியாக, கட்டங்களும் படங்களும் இல்லாமல் தட்டச்சு செய்து பிடிஎஃப் ஆகச் சேமித்தால் சரியாகிவிடும். திறமைக்கு ஐந்து நட்சத்திரத்தில் நான்கு போடும் அலங்காரத்தையும் விட்டுவிடுங்கள், எக்செலில் நான்கு நட்சத்திரம் என்றால் என்னவென்று யாருக்கும் தெரியாது.

பதில் 2 (கணக்குப் பிரிவு மேலாளர், அம்பத்தூர்)

எங்கள் பிரிவுக்கு ஆள் எடுக்கும்போது வரும் ரெஸ்யூமேக்களைப் படிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்களிடம் அனுபவம் இருக்கிறது, அதை எழுதத்தான் இல்லை. "கடையில் உதவி செய்தேன்" என்று எழுதினால் எனக்கு ஒன்றும் விளங்காது. "காகித மொத்த விற்பனைக் கடையில் விற்பனை பில்களை டேலியில் பதிந்தேன், நாள் முடிவில் கல்லாவிலுள்ள ரொக்கத்தைக் கணக்கோடு சரிபார்த்தேன், வரவேண்டிய பாக்கிகளின் பட்டியலை எடுத்துக் கொடுத்தேன்" என்று எழுதினால், நேர்காணலில் கேட்க எனக்கு மூன்று கேள்விகள் கிடைக்கின்றன. ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரங்களுக்கான ஜிஎஸ்டி படிவம்) தாக்கலுக்கான விற்பனை விவரங்களை நீங்கள் தொகுத்துக் கொடுத்திருந்தால் அதையும் சேர்க்கலாம். அப்படிச் சேர்த்தால், மாதந்தோறும் தாக்கல் செய்பவர்களுக்கு அடுத்த மாதம் 11-ஆம் தேதி கடைசி நாள் என்பதும், காகிதம் எச்எஸ்என் (சரக்குகளை வகைப்படுத்தும் குறியீடு) பட்டியலின் 48-ஆம் அத்தியாயத்தில் வருகிறது என்பதும் நாக்கு நுனியில் இருக்க வேண்டும், ஏனென்றால் அங்கேதான் நாங்கள் கிளறுவோம்.

தட்டச்சில் லோயர் முடித்திருந்தால் ஒரு வரி போதும். என்எஸ்எஸில் (நாட்டு நலப்பணித் திட்டம்) இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் நிறைவு செய்து சான்றிதழ் வாங்கியிருந்தால் அதுவும் ஒரு வரி. மதம், திருமண நிலை, தந்தை பெயர் ஆகியவை வேலைக்குத் தொடர்பில்லாதவை. ஆதார், பான் எண்களை எந்த நிலையிலும் போடாதீர்கள். ரெஸ்யூமே எத்தனை கைகளுக்குப் போகும் என்று உங்களால் கணிக்க முடியாது, அந்த எண்களை வேலை உறுதியான பிறகு கேட்பார்கள். உறுதிமொழி பழைய வழக்கம், தனியார் நிறுவனத்துக்கு அது இல்லாமலே அனுப்பலாம். முழுவதும் ஒரே பக்கத்தில் அடங்கட்டும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. நோட்பேடில் ஒட்டிப் பார்த்தபோது என் பெயர் கடைசி வரியில் கிடந்தது. வேர்டில் மாற்றிய பின் தளம் சரியாக எடுத்துக்கொள்கிறது. கடையைப் பற்றி விசாரித்தால் மாமா என்று சொல்லலாமா? மூன்றாம் பருவத்தில் ஓர் அரியரும் இருக்கிறது.

பதில் 2 (தொடர்ச்சி)

கேட்டால் மறைக்காமல் மாமா கடை என்றே சொல்லுங்கள், ஆனால் ரெஸ்யூமேயில் உறவுமுறையை எழுதத் தேவையில்லை. எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, என்னென்ன வேலை பார்த்தீர்கள் என்று கடையின் லெட்டர்ஹெட்டில் அவரிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதை மின்னஞ்சலில் இணைக்காமல் நேர்காணலுக்குக் கொண்டுபோனால் போதும். அரியரைப் பொறுத்தவரை, பட்டப்படிப்பு வரியிலேயே "ஒரு தாள் நிலுவையில்" என்று குறித்துவிடுங்கள். மதிப்பெண் பட்டியலைக் கேட்கும்போது எப்படியும் தெரியவரும்.