தெருவை விட வீட்டு மனை 9 அங்குலம் பள்ளம்: மழைத்தண்ணியை எப்படி வெளியேற்றுவது?

மேடவாக்கம்வாசி:
40-க்கு 60 மனை. தரைத்தளம் மட்டும், 1,200 சதுர அடி. மிச்சம் 1,200 திறந்தவெளி, அடியில் களிமண். ரோட்டு மேலேயே ரோடு போட்டு, இப்போ தெரு எங்க தரையை விட 9 அங்குலம் மேலே நிற்கிறது. ஐப்பசியில் ஒரு நல்ல மழை பெய்தால் பக்கவாட்டில் இரண்டு நாள் தண்ணி தேங்குது. சுவர் அடியில் ஓதம் ஏறி பெயிண்ட் உரியுது. சம்ப் (நிலத்தடித் தண்ணித் தொட்டி) மூடி தரைமட்டத்தில்தான் இருக்கு. மேஸ்திரி ஒரு அடி ரப்பிஷ் (கட்டட இடிபாடு) கொட்டி பேவர் போட்டுடலாம் என்கிறார். சரியா? பேஸ்மட்டம் (வெளித்தரையிலிருந்து வீட்டுத் தளம் வரை) உயரம் 1½ அடி.

டியூப்லெவல்:
வேண்டாம் சார். 1½ அடி பேஸ்மட்டத்தில் ஒரு அடி மூடினால் ஈரமண் நேராகச் சுவரோடு ஒட்டும், ஓதம் இன்னும் மேலே போகும். ரப்பிஷ் சீராக அமுங்கவும் செய்யாது. அடுத்த மழைக்கே பேவர் அங்கங்கே குழி விழும்.

முதலில் கூரைத் தண்ணியைத் தரையில் விழவிடாதீங்க. உங்க பிரச்சினையில் பாதி அதுதான். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. பெய்தால் உங்க மொட்டைமாடியிலிருந்து மட்டும் சுமார் 5,500 லிட்டர் இறங்கும். அது 10 அடி உயரத்தில் இருக்கிற தண்ணி, மோட்டார் இல்லாமலே தெருவுக்குப் போகும். மழைக்குழாய்களை எல்லாம் ஒரே 110 மி.மீ. பிவிசி லைனில் சேர்த்து, காம்பவுண்ட் சுவர் உள்பக்கம் கிளாம்ப் அடித்துக் கொண்டுபோங்க. பின்பக்கம் தரையிலிருந்து 2½ அடியில் ஆரம்பித்து 100-க்கு 1 வாட்டம் கொடுத்தால், 60 அடிக்கு 7 அங்குலம் இறங்கும். முன்பக்கம் வரும்போதும் தெருவை விட ஒரு அடிக்கு மேல் உயரத்தில் இருக்கும். வடிகால் நிரம்பினாலும் எதிர்த்து வராது. மழைநீர் சேகரிப்புக்குப் போகிற பங்கை முதலில் பிரித்துவிட்டு, வழிவதை இந்த லைனில் விடுங்க. கழிவுநீர் மேன்ஹோலில் மட்டும் இணைக்காதீங்க. மழையில் அது பொங்கினால் உங்க பாத்ரூம் வழியாகவே திரும்பி வரும்.

உறைக்கிணறு:
தண்ணியை ஏன் தெருவுக்குத் தள்ளணும்? 3 அடி விட்டத்தில் உறை (கான்கிரீட் வளையம்) இறக்கி, 15 அடி ஆழத்துக்கு ரீசார்ஜ் கிணறு போட்டால் நிலத்தடி நீரும் ஏறுமே.

டியூப்லெவல்:
மணல் பாங்கான இடம் என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். களிமண்ணில் உறை நிரம்பி அப்படியே நிற்கும். களி தாண்டி மணல் அடுக்கு வரை இறக்கினால்தான் உறிஞ்சும். அப்பவும் கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே ஏறிட்டால் வாங்காது. சோதிப்பது சுலபம். 2 அடி ஆழத்தில் ஒரு குழி தோண்டி, ஒருமுறை நிரப்பி ஊறவிட்டு, மறுபடி நிரப்பி எவ்வளவு இறங்குதுன்னு அளந்து பாருங்க.

மேடவாக்கம்வாசி:
பார்த்தேன். இரவு முழுக்க விட்டும் ஒரு அங்குலம்கூட இறங்கலை.

டியூப்லெவல்:
அப்போ மோட்டார்தான். வீட்டுச் சுவரிலிருந்து 4 அடிக்கு ஒரு அங்குலம் வெளிப்பக்கம் சாய்கிற மாதிரி காங்கிரீட் போட்டு, காம்பவுண்ட் ஓரமாக 6 அங்குல அகல வாய்க்கால் கட்டுங்க. பின்பக்கம் 3 அங்குல ஆழம் என்றால், குழாய்க்குச் சொன்ன அதே 100-க்கு 1 வாட்டத்தில் முன்பக்கம் 10 அங்குலம் வரும். வாட்டத்தைக் கண்ணால் பார்த்து முடிவு பண்ண விடாதீங்க. தண்ணி டியூப் (மட்டம் பார்க்கத் தண்ணி நிரப்பின டியூப்) வைத்து 10 அடிக்கு ஒரு குறி போடச் சொல்லுங்க. நடுவில் அரை அங்குலம் ஏறினாலும் அங்கே சேறு தங்கி கொசு வரும்.

வாய்க்கால் முடிகிற இடத்தில், சம்பிலிருந்து தள்ளி, 2-க்கு 2-க்கு 3 அடி குழி. வாய்க்காலின் அடிமட்டத்துக்குக் கீழே இந்த 3 அடி இருக்கணும். உள்ளே தண்ணி விழும் முன்னாடி ஒரு சின்ன வண்டல் தொட்டியும் கிரேட்டிங்கும் வேணும். இலையும் மணலும் போனால் மோட்டார் இம்பெல்லர் (தண்ணியைத் தள்ளுகிற சக்கரம்) சிக்கும்.

பிளம்பர்_தெற்கு:
மோட்டாருக்கு ஒரு வார்த்தை. கூரை லைன் பிரிந்ததும் மிச்சம் 1,200 சதுர அடிதான், அதே மழைக்கு நிமிடத்துக்கு 93 லிட்டர். 10 அடி ஹெட்டில் (தண்ணியை ஏற்ற வேண்டிய உயரம்) நிமிடத்துக்கு 150 லிட்டர் தள்ளுகிற ½ ஹெச்பி, ஃப்ளோட் சுவிட்ச் வைத்த டீவாட்டரிங் சப்மெர்சிபிள் போதும். போர்வெல் சப்மெர்சிபிளைப் போடாதீங்க, சேற்றுத் தண்ணிக்கு அது ஆகாது. டெலிவரி பைப்பில் நான்-ரிட்டர்ன் வால்வு கட்டாயம். இல்லாவிட்டால் மோட்டார் நின்றதும் பைப்பில் நிற்கிற தண்ணி குழிக்கே திரும்பி, ஃப்ளோட் மறுபடி ஆன் ஆகும்.

மழை நாளில்தான் கரண்ட்டும் போகும். இன்வெர்ட்டர் ஸ்டார்ட்டிங் லோடைத் தாங்குமான்னு முன்பே ஓட்டிப் பாருங்க. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கிற சுவிட்ச்), எர்த்திங் இல்லாமல் இதை இயக்கவே கூடாது. வெறுங்காலோடு தண்ணியில் நிற்கிற இடம் அது. பிளக் பாயிண்ட் தரையிலிருந்து 4 அடிக்கு மேலே இருக்கட்டும்.

மேடவாக்கம்வாசி:
தெருத்தண்ணி கேட் வழியா உள்ளே வருவதற்கு? சம்ப் மூடிக்கு?

டியூப்லெவல்:
கேட்டுக்கு அடியில் தெருமட்டத்தை விட 4 அங்குலம் உயர்த்தி, இரண்டு பக்கமும் சரிவாக ஒரு மேடு. உள்ளே தேங்குவதை மோட்டார் வாங்கிக்கொள்வதால் அது தடையாகாது. வரிசை முக்கியம்: மோட்டார் ஓடாமல் மேட்டை மட்டும் கட்டினால் வீடு தொட்டியாகிவிடும். சம்ப் வாயைச் சுற்றிச் சுவர் எழுப்பி, மூடி தெருவை விட 6 அங்குலம் உயரம், அதாவது உங்க தரையிலிருந்து 15 அங்குலம் வரட்டும். இதைத்தான் முதலில் செய்யணும், புரட்டாசி முடிவதற்குள். பெயிண்ட் தை கழித்து, சுவர் காய்ந்த பிறகு.