புதுப்பிப்பு: பின்ன வகையீட்டில் ஆற்றல் பட்டைகள், ஒரு திருத்தம்

சென்ற மாதம் இந்த இழையில், லாஸ்கின் 2000-இல் முன்வைத்த பின்ன ஷ்ரோடிங்கர் சமன்பாட்டை (இதில் வகையீட்டின் வரிசையான ஆல்ஃபா பின்னமாகவும் இருக்கலாம்; 2 என்றால் வழக்கமான சமன்பாடு) குரோனிக்–பென்னி மாதிரியில், அதாவது படிகத்தைச் சம இடைவெளியில் நிற்கும் நிலையாற்றல் தடுப்புகளின் வரிசையாகக் காட்டும் மாதிரியில் பொருத்தி, ஆல்ஃபா 2-இலிருந்து குறையக் குறையப் பட்டை இடைவெளி (துகளுக்கு அனுமதியில்லாத ஆற்றல் இடைவெளி) சுருங்குகிறது என்று எழுதியிருந்தேன். அது தவறு.

வேளச்சேரியிலிருந்து கடற்கரைக்குப் பறக்கும் ரயிலில் வரும்போது குறிப்பேட்டைப் புரட்டியதில்தான் பிழை பிடிபட்டது. நிலையாற்றலின் ஒவ்வொரு துண்டிலும் தனித்தனியே தீர்வு கண்டு எல்லையில் ஒட்டவைத்திருந்தேன். இந்தச் சமன்பாட்டில் வரும் பின்ன வகையீடான ரீஸ் வகையீடோ ஒரு புள்ளியில் செயல்படும்போதே அலைச்சார்பின் முழு நீளத்தையும் கேட்கும், ஆகவே அந்த ஒட்டுவேலை இங்கே செல்லாது. நல்லவேளையாக, அந்தச் செயலி இடப்பெயர்ச்சியால் மாறுவதில்லை என்பதால் பிளாக் தேற்றம் (சீராகத் திரும்பத் திரும்ப வரும் நிலையாற்றலில் அலைச்சார்பு, சமதள அலையை அதே சீரில் திரும்பும் சார்பால் பெருக்கிய வடிவில் இருக்கும் என்பது) அப்படியே நிற்கிறது. சமதள அலைகளில் விரித்தால் இயக்க ஆற்றல் அலை எண்ணின் ஆல்ஃபா அடுக்காக அணியின் மூலைவிட்டத்தில் அமர்ந்துவிடுகிறது.

இயக்க ஆற்றலின் கெழுவையும் நிலையாற்றல் திரும்ப வரும் தூரத்தையும் 1 எனக் கொண்டால், முதல் மண்டல விளிம்பில், அதாவது அலை எண் π ஆகும் இடத்தில், கட்டற்ற துகளின் ஆற்றல் ஆல்ஃபா 2-க்கு 9.87, 1.5-க்கு 5.57. ஆனால் வலுக்குறைந்த கொசைன் நிலையாற்றல் அங்கே திறக்கும் இடைவெளி, முதல் வரிசைத் தோராயத்தில், இரண்டுக்கும் ஒன்றே: கொசைனின் வீச்சு. உண்மையில் மாறுவது பட்டையின் அடிப்பகுதிதான். ஆல்ஃபா 1-க்கும் 2-க்கும் இடையில் இருக்கும்போது அங்கே அலை எண்ணைப் பொறுத்த ஆற்றலின் இரண்டாம் வகையீடு முடிவிலியாவதால், அதன் தலைகீழாக வரையறுக்கப்படும் வழக்கமான பயனுறு நிறை (பட்டைக்குள் துகள் காட்டும் நிறை) பூஜ்ஜியமாகிவிடுகிறது. பழைய வரைபடத்தை நீக்கிவிட்டேன்.