எடை குறைந்த வேட்டை ரைஃபிள்: நானே நிரப்பிய தோட்டாவும் சிதறுகிறது, வெடிமருந்தை மாற்றலாமா?

கேள்வி:
மலையில் தூக்கி நடக்க வேண்டும் என்பதற்காகவே ஸ்கோப்போடு சேர்த்து 3 கிலோவுக்குள் அடங்கும் ஒரு .308 தோட்டா ரைஃபிள் வைத்திருக்கிறேன். கடைத் தோட்டாவில் 100 மீட்டரில் 6 செ.மீ. சிதறல். அதனால் நானே நிரப்ப ஆரம்பித்தேன். 150 கிரெய்ன் (சுமார் 9.7 கிராம்) குண்டு, ஒரே மருந்து, தோட்டா நிரப்பும் கையேட்டில் உள்ள அளவுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பார்த்ததில் ஓர் அளவில் மூன்று குண்டும் 2 செ.மீ.க்குள் விழுந்தன. அந்தச் சந்தோஷத்தில் அதே அளவில் 50 தோட்டா நிரப்பிவிட்டேன். அடுத்த முறை சுட்டால் 5 செ.மீ.! முதல் இரண்டும் ஒட்டி விழுகின்றன, மூன்றாவது மேலே போகிறது, நான்காவது அதற்கும் மேலே. வேறு மருந்துக்குப் போகலாமா?

பதில் 1:
மருந்தைத் தொடாதீர்கள். ஒவ்வொரு குண்டும் ஒரே திசையில் ஏறிக்கொண்டே போனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது குழலின் சூட்டைத்தான். மெல்லிய குழல் இரண்டு மூன்று வெடியிலேயே சூடாகிவிடும், கட்டையில் (குழலைத் தாங்கும் மரப் பகுதி) எங்காவது உரசினால் குறி நகரும். ஒரு தாள் துண்டைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே நுழைத்து, தோட்டா அமரும் அறை வரை இழுத்துப் பாருங்கள், எங்கே சிக்குகிறது என்று தெரிந்துவிடும். கட்டையின் திருகுகள், ஸ்கோப் வளையங்கள் இறுக்கமாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். அப்புறம், ஒரு குண்டு சுட்டுவிட்டுக் குழல் ஆறும் வரை காத்திருந்து அடுத்ததைச் சுடுங்கள். வேட்டையில் கணக்கு ஆறிய குழலின் முதல் குண்டுதானே. இன்னொன்று, மூன்று குண்டு 2 செ.மீ.க்குள் விழுவது தற்செயலாகவும் நடக்கும், அதை நம்பி 50 நிரப்பியிருக்கக் கூடாது. குறைந்தது ஐந்து, அதையும் வேறு வேறு நாளில் சுட்டுப் பார்த்த பிறகே முடிவுக்கு வாருங்கள்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. அதெல்லாம் பார்த்த பிறகும் சிதறினால், மருந்தின் அளவைவிடக் குண்டை உறைக்குள் எவ்வளவு ஆழம் இறக்குகிறீர்கள் என்பதில் விளையாடிப் பாருங்கள். குழலின் உட்புறச் சுழல் வரிகள் தொடங்கும் இடத்துக்கும் குண்டுக்கும் உள்ள இடைவெளி பல ரைஃபிள்களில் பெரிய வித்தியாசம் தரும், முழுச் செம்புக் குண்டுகள் பெரும்பாலும் கூடுதல் இடைவெளியையே விரும்புகின்றன. ஆனால் தோட்டாவின் மொத்த நீளம் மேகசினுக்குள் அடங்க வேண்டும். குண்டு வரிகளைத் தொடும்படி வைத்தால் அழுத்தம் ஏறும், கூடுதல் ஆழத்தில் இறக்கினாலும் உள்ளே இடம் குறைந்து அழுத்தம் ஏறக்கூடும், ஆகவே இரண்டு பக்கமும் கவனம். குண்டு, பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), உறை இவற்றில் எதை மாற்றினாலும் கையேட்டின் தொடக்க அளவுக்கே திரும்பிப் போங்கள், இதில் சமரசமே வேண்டாம். சுட்ட பிறகு போல்ட்டின் கைப்பிடியைத் தூக்கக் கஷ்டமாக இருந்தாலோ பிரைமர் தட்டையாக நசுங்கியிருந்தாலோ அப்போதே நிறுத்திவிடுங்கள்.

பதில் 3:
பிடியையும் பாருங்கள். எடை குறைந்த ரைஃபிள் நன்றாக உதைக்கும், குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்பே அசையத் தொடங்கிவிடும். கனமான இலக்குத் துப்பாக்கியை மணல் மூட்டையில் வைத்துவிட்டு லேசாகத் தொட்டுச் சுடுவது போல இதைச் சுட முடியாது. முன்கட்டையைக் கையால் பிடித்து, ஒவ்வொரு முறையும் அதே அழுத்தத்தில் தோளோடு இழுத்துக்கொள்ளுங்கள். மூட்டை முன்கட்டைக்கு அடியில் இருக்கட்டும், குழல் எதிலும் படவே கூடாது.

கேட்டவர்:
தாள் முன்கட்டையின் நுனியிலேயே, வலது பக்கம் சிக்கியது. அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, பூச்சு போன மரம் ஈரம் குடிக்காமல் இருக்க வார்னிஷ் பூசினேன். நேற்று அந்த 50-இல் இருந்தே ஐந்து எடுத்து, முன்கட்டையைப் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் குழலை ஆறவிட்டுச் சுட்டேன். ஐந்தும் 3 செ.மீ.க்குள், மேலே ஏறவே இல்லை. வேறு ஒரு நாளில் இன்னும் ஐந்து சுட்டுப் பார்த்துவிட்டு, குண்டை இறக்கும் ஆழத்துக்கு வருகிறேன். மூவருக்கும் மிக்க நன்றி.