புது மீன்கறித்தூள்: மின்னஞ்சலில் எப்படி அறிமுகம் செய்வது?

கேள்வி (சாட்ஸ்வொர்த், டர்பன்): ஆன்லைனில் மசாலா விற்கிறோம். எங்களிடம் வாங்கிய 600 பேரின் முகவரியும், கோயில் திருவிழாவில் எழுதி வாங்கிய 200 முகவரியும் இருக்கின்றன. எல்லாருக்கும் ஒரே நாளில் அனுப்பலாமா?

பதில் 1: வேண்டாங்க. போபியா என்ற தென்னாப்பிரிக்கத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் 69ஆம் பிரிவைப் பாருங்கள். வாங்கியவர்களுக்கு அதே வகைப் பொருளைப் பற்றி எழுதலாம். ஆனால் முகவரி வாங்கும்போதும், ஒவ்வொரு மடலிலும் மறுக்க வழி தந்திருக்க வேண்டும். அந்த 200 பேர் இன்னும் சம்மதம் தரவில்லையென்றால், அதை ஒரே ஒரு முறைதான் கேட்கலாம்.

பதில் 2: அனுப்புநர் இடத்தில் ஜிமெயில் முகவரி வேண்டவே வேண்டாம். மொத்தமாக மடல் அனுப்பும் வேறு சேவை வழியே போனால், அனுப்புநர் முகவரி உண்மையா என்று பார்க்கும் டிமார்க் சோதனையில் தோற்று ஸ்பாமில் விழும். சொந்த டொமைனில் (இணைய முகவரியில்), மடல் உங்களுடையதுதான் என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் அமைப்புகள் மூன்றையும் போடுங்கள். அண்மையில் வாங்கிய 100 பேருக்கு முதலில் அனுப்பி, திரும்பி வரும் முகவரிகளை நீக்கிவிட்டு மற்றவர்களுக்கு அனுப்புங்கள்.

பதில் 3: மூன்று மடல் போதும்: ஒரு வாரம் முன்பு, விற்பனை நாளன்று, மூன்று நாள் கழித்து வாங்காதவர்களுக்கு மட்டும். விலையைப் படத்துக்குள் வைக்காதீர்கள். படம் திறக்காவிட்டால் மடலே வெறுமை.